தாத்தாவின் ஜில்லா இப்போது எந்த மாவட்டம்? பினாங்கிலிருந்து ஊர் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

போன வருடம் தாத்தாவின் ஊரைத் தேடி ஒரு வாரம் தமிழ்நாட்டில் அலைந்தேன். ஒருவழியாகக் கண்டுபிடித்து அங்கிருந்த வேப்பமரத்தடியில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதுதான் தாமதம், பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை மகனில் ஆரம்பித்து சந்தையில் மீன் வாங்கும்போது பழக்கமானவர் வரைக்கும் "எங்க ஊரையும் எப்படித் தேடுறது" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான், அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை. தவறான மாவட்டத்தில் ஒன்றரை நாள் சுற்றியவன், அவ்வளவுதான் என் தகுதி.

தமிழ்நாட்டில் மொத்தம் எத்தனை மாவட்டங்கள்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்களே?

இன்றைக்கு 38. ஒருவர் 29 என்பார், இன்னொருவர் 32 என்பார், பெரியவர்கள் 13 என்பார்கள். யார் சொல்வதும் பொய் இல்லை, அவரவர் கடைசியாக ஊருக்குப் போய்வந்த காலத்துக் கணக்கைச் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்தவை 13 மாவட்டங்கள். (தமிழ்நாடு என்ற பெயர் 1969-இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது.) அந்தப் பதின்மூன்றையும் வெட்டி வெட்டித்தான் இப்போதிருக்கும் 38-உம் வந்திருக்கின்றன. 2019-இல் மட்டும் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து, அடுத்த வருடம் மயிலாடுதுறை.

ஏன் இப்படி வெட்டுகிறார்கள் என்று கேட்டால், மக்கள்தொகையைப் பாருங்கள். பரப்பில் மலேசியாவில் பாதிகூட இல்லாத மாநிலம், சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பிலேயே 7.21 கோடிப் பேர். மாவட்டத் தலைநகருக்குப் போய் ஒரு மனு கொடுக்க அதிகாலை பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பிய கிராமத்துக்காரர்கள் தங்களுக்கென்று தனி மாவட்டம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஊர் தேடும் நமக்குத்தான் அது தலைவலி.

தாத்தாவின் பத்திரத்தில் 'சேலம் ஜில்லா' என்று இருக்கிறது. சேலத்துக்கு டிக்கெட் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். நான் போட்டேன்.

எங்கள் தாத்தாவின் காகிதத்தில் 'சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுக்கா' என்று தெளிவாகவே இருந்தது. என் கண்ணில் பட்டது சேலம் மட்டும். அங்கே அறை எடுத்துத் தங்கி, மறுநாள் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்தபோது அங்கிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாமக்கல் தனி மாவட்டமாகி இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சுங்களே" என்றார். 1997-இலேயே பிரிந்துவிட்டதாம். பழைய சேலம் ஜில்லா என்பது இன்று சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்கள். தருமபுரி 1965-இல் பிரிந்தது, அதன் வயிற்றிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி.

நம் மக்களில் பெரும்பகுதியை மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் (ஊரில் ஆள் சேர்த்த மேஸ்திரிகள்) கூட்டிவந்தது சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு, தென் ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்துதான். துரதிர்ஷ்டம் என்னவென்றால் அதிகமாக வெட்டுப்பட்டவையும் அவைதான். வட ஆற்காடு என்றால் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. ஆற்காடு என்ற ஊரே இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி என்று தாத்தா சொல்லியிருந்தால் திருவண்ணாமலைக்குப் போங்கள். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர், குடியாத்தம் என்றால் வேலூர். தென் ஆற்காடு இப்போது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மூன்றும் வெளியே போய்விட்டன. திருச்சியிலிருந்து கரூர், பெரம்பலூர், அரியலூர் போயின. அரியலூர் கதை இன்னும் வேடிக்கை, 2001-இல் தனி மாவட்டம் ஆக்கி, அடுத்த வருடமே பெரம்பலூரோடு சேர்த்து, 2007-இல் திரும்பவும் பிரித்தார்கள்.

புதுக்கோட்டை தனிக்கதை. 1948 வரைக்கும் அது தொண்டைமான் ராஜாக்களின் சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது, 1974-இல் தஞ்சாவூரின் கொஞ்சத்தையும் சேர்த்துத் தனி மாவட்டம் ஆனது. ஆக ஒரே வீட்டில் அண்ணன் காகிதத்தில் 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்றும், தம்பி காகிதத்தில் 'திருச்சி ஜில்லா' என்றும் இருந்தால் இருவரும் வேறு வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.

தெற்கே, மதுரையிலிருந்து திண்டுக்கல்லும் தேனியும் வந்தன, ராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும், திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடியும் தென்காசியும். கோயம்புத்தூரைப் பிரித்து ஈரோடு, அப்புறம் இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் திருப்பூர். செங்கல்பட்டு ஜில்லா 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகிப் பெயரே காணாமல் போய், 2019-இல் செங்கல்பட்டு மறுபடி உயிர்பெற்றது. நீலகிரிக்காரர்களும் கன்னியாகுமரிக்காரர்களும் நிம்மதியாகத் தூங்கலாம், அந்த இரண்டையும் யாரும் வெட்டவில்லை.

ஆகவே காகிதத்தில் பார்க்க வேண்டியது ஜில்லாவை இல்லை, தாலுக்காவை. தாலுக்காக்களையும் பிரிக்கத்தான் செய்கிறார்கள், எங்கள் நாமக்கல்லிலிருந்தே சேந்தமங்கலமும் கொல்லிமலையும் தனியாகிவிட்டன. ஆனாலும் பழைய தாலுக்கா ஊர் அதே இடத்தில்தானே இருக்கும், அங்கே போய் இறங்கினால் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் உங்கள் ஊர் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அத்தை 1980களில் எழுதிய கடிதத்தில் 'பெரியார் மாவட்டம்' என்று இருக்கிறது. வரைபடத்தில் அப்படி ஒன்றுமே இல்லையே?

ஈரோடு. அந்தக் காலத்தில் புது மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயரை வைத்தார்கள். காமராஜர் மாவட்டம் விருதுநகர், பசும்பொன் என்றால் சிவகங்கை, சிதம்பரனார் தூத்துக்குடி, அண்ணா திண்டுக்கல், சம்புவராயர் திருவண்ணாமலை. திருநெல்வேலியே கொஞ்ச காலம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாக இருந்தது. 1997-இல் தென்மாவட்டங்களில் நடந்த சாதி மோதல்களுக்குப் பிறகு மாவட்டங்களுக்கும் அரசு பஸ் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்களை அரசு ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டு, தலைநகர்ப் பெயரையே வைத்துவிட்டது. உறையின் மேல் அஞ்சல் முத்திரை இருக்கிறதா பாருங்கள், முகவரியைவிட அது பயன்படும்.

பழைய காகிதத்தில் ஊர் பெயர் ஆங்கிலத்தில் என்னவோபோல இருக்கிறது. வாய்விட்டுப் படித்தாலும் புரியவில்லை.

வெள்ளைக்காரன் காதில் விழுந்ததை எழுதியது. டிரிச்சினோபோலி திருச்சிராப்பள்ளி, டாஞ்சூர் தஞ்சாவூர், டின்னவெல்லி திருநெல்வேலி, சிங்கிள்புட் செங்கல்பட்டு, காஞ்சீவரம் காஞ்சிபுரம், டூட்டிகோரின் தூத்துக்குடி, ராம்நாட் ராமநாதபுரம். இவை பெரிய ஊர்கள், பிழைத்துக்கொள்ளலாம். கிராமப் பெயரை இங்கே தோட்டத்துக் கிராணியோ (கணக்கரோ) பதிவு அலுவலகத்து மலாய்க்காரரோ எழுதியிருந்தால் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகியிருக்கும், ண, ன பற்றிப் பேசவே வேண்டாம். பாட்டி உயிரோடு இருந்தால் அவர் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

'நாகப்பட்டணம்' என்று மட்டும் இருந்தால் கவனம். அது சொந்த ஊராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கப்பல் ஏறிய ஊராக இருக்கலாம். தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் முகாம்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தன, பினாங்குக்குக் கப்பலும் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகத்தான் வரும். ரஜுலா கப்பலைப் பற்றிச் சொல்லாத பெரியவர்கள் இங்கே குறைவு. என் நண்பர் ஒருவர் நாகப்பட்டினத்தில் மூன்று நாள் தேடிவிட்டு வந்தார், கடைசியில் ஊர் ஆத்தூர்ப் பக்கம்.

ஊர் பெயர் மட்டும் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. போதுமா?

புதுப்பட்டி, புதூர், நல்லூர், மேட்டுப்பட்டி என்றால் போதவே போதாது. அவை மாநிலம் முழுக்க இருக்கின்றன, குழப்பம் தாங்காமல் அங்கேயே டி. கல்லுப்பட்டி, ஆர். புதுப்பட்டி என்று முன்னால் ஓர் எழுத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள். திருப்பத்தூரே இரண்டு உண்டு, ஒன்று வடக்கே மாவட்டத் தலைநகர், இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில்.

ஆனால் பெயரின் வாலைப் பிடித்தால் திசை தெரியும். பாளையம் என்று முடிந்தால் பெரும்பாலும் கொங்குப் பக்கம், கோவை, திருப்பூர், ஈரோடு. பாக்கம் என்றால் சென்னையைச் சுற்றிய பழைய தொண்டை நாடு. ஏந்தல் என்று முடிந்தால் சிவகங்கை, ராமநாதபுரம் வட்டாரத்தை முதலில் பாருங்கள், மழைத் தண்ணீரை ஏந்தி வைக்கும் சின்னக் கண்மாய்க்கு அங்கே அந்தப் பெயர். விளை என்றால் பெரும்பாலும் கன்னியாகுமரி. குளம் என்றால் நெல்லைப் பக்கம் அதிகம். பட்டி என்றால் மன்னிக்கவும், தருமபுரியிலிருந்து மதுரை தாண்டியும் பட்டிதான்.

ஊர் பெயர்கூடத் தெரியாது. குலதெய்வம் பெயர் மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

அது போதும் என்றே சொல்வேன், எனக்கு உதவியதும் அதுதான். பாட்டி எப்போதும் "மலைமேல இருக்கிற பெரியண்ணசாமி" என்பார். நாமக்கல்லில் ஒரு டீக்கடையில் அதைச் சொன்னதும் கடைக்காரர் கொல்லிமலையைக் கைகாட்டினார். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வாந்தி எடுக்காத குறையாகப் போய்ச் சேர்ந்தால், மாசி பெரியண்ணசாமிக்கு எந்தெந்த ஊர்க்காரர்கள் எப்போது வருவார்கள் என்று அங்கேயே ஒருவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். அதில் எங்கள் ஊரும் இருந்தது.

அதுபோல மேல்மலையனூர் அங்காளம்மன் என்றால் விழுப்புரம் மாவட்டம், சுற்றுவட்டாரத்தில் தேடுங்கள். பச்சையம்மன், மன்னாதீஸ்வரர் என்றால் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் வலுவான தடயம். அண்ணன்மார் சாமி, பொன்னர் சங்கர் என்றால் கொங்கு, கோயில் மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூர். சுடலைமாடன், இசக்கியம்மன் என்றால் நெல்லை, தூத்துக்குடி, குமரி. மதுரை வீரன், முனியாண்டி என்று மட்டும் தெரிந்தால் கஷ்டம், அவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நம் தோட்டத்து எல்லைகளிலும்தான்.

இன்னொன்று. மாசி மாதத்துச் சிவராத்திரியிலும் பங்குனி உத்திரத்திலும் பல வம்சங்கள் குலதெய்வக் கோயிலில் ஒன்றுகூடும், தெற்கே சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரம்தான் நாள். அந்த நாளில் போனால் பங்காளிகள் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம், வீடு வீடாக ஏற வேண்டாம்.

அங்கே மாவட்டம் என்பது இங்கே டாயெரா (மலேசிய மாவட்டம்) மாதிரியா?

கிட்டத்தட்ட. இரண்டையும் ஏற்பாடு செய்தது ஒரே வெள்ளைக்காரன் என்பதால் சாடை இருக்கும். இங்கே மாவட்ட அதிகாரி, அங்கே கலெக்டர், தமிழில் ஆட்சியர். ஆனால் அளவு வேறு. செபராங் பிறையையும் தீவையும் சேர்த்து நம் பினாங்கு மாநிலமே ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர், அதற்குள் ஐந்து மாவட்டம். கன்னியாகுமரி ஒரு மாவட்டமே 1,600-க்கு மேல்.

கலெக்டருக்குக் கீழே கோட்டாட்சியர், அவருக்குக் கீழே வட்டாட்சியர், ஊரில் எல்லோருக்கும் அவர் தாசில்தார்தான். பிறகு சில கிராமங்கள் சேர்ந்த பிர்க்காவுக்கு ஒரு வருவாய் ஆய்வாளர், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர். அவரைத்தான் விஏஓ என்பார்கள், இங்கே ஊர்ப்புறத்தைக் கவனிக்கும் நம் பெங்ஹுலுவோடு ஒப்பிடலாம், ஆனால் மரியாதை குறைவு, வேலை அதிகம். இது நிலம், சான்றிதழ் சம்பந்தப்பட்ட வரிசை. சாலை, குடிநீர், தெருவிளக்குக்கு இன்னொரு வரிசை, ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்று போகும். ஊராட்சித் தலைவரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1965-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டதால் நமக்கு இது புதிதாக இருக்கும். வட்ட எல்லையும் ஒன்றிய எல்லையும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும் என்பதில்லை, சட்டமன்றத் தொகுதி எல்லை மூன்றாவது கோடு. ஒரே ஊருக்கு மூன்று பேர் மூன்று பெயர் சொன்னால் கோபப்படாதீர்கள்.

அப்படியென்றால் நான் போய் யாரைப் பார்ப்பது?

முதலில் டீக்கடை. கிண்டலுக்குச் சொல்லவில்லை. அடுத்தது விஏஓ, ஆனால் அவர் மாற்றலாகி வருகிற அரசு ஊழியர், உங்கள் தாத்தாவைத் தெரிந்திருக்காது. பரம்பரையாகக் கணக்கு எழுதிய கர்ணம், வரி வாங்கிய மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980-இல் ஒழித்துவிட்டு, அந்த இடத்தில் கொண்டுவந்த பதவி இது. ஆகவே "பழைய கர்ணம் வீடு எது, மணியக்காரர் வீடு எது" என்று கேளுங்கள். அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு யார் கப்பலேறிப் போனார்கள், யார் திரும்பவில்லை என்பது தெரிந்திருக்கும். நில விவகாரம் என்றால் மட்டும் சார்பதிவாளர் அலுவலகம்.

காரைக்கால், திருத்தணி எல்லாம் தமிழ்நாடுதானே?

திருத்தணி ஆம், ஆனால் 1960-இல்தான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து வந்தது. காரைக்கால் இல்லை, அது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்து இப்போது புதுச்சேரியோடு நிர்வாகத்தில் சேர்ந்தது, நான்கு பக்கமும் தமிழ்நாடும் கடலும்தான் இருக்கும். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, பழைய காகிதத்தில் சென்னை ராஜதானி என்று தேடினால் கிடைக்காது.

நாங்கள் தமிழ் முஸ்லிம்கள், தாத்தா 'தின்னவேலி' என்பார். எங்கே தேடுவது?

கடையநல்லூர், தென்காசி என்ற பெயர்கள் வீட்டில் காதில் விழுந்திருந்தால் இப்போது அது தென்காசி மாவட்டம், திருநெல்வேலி இல்லை. பினாங்கில் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. நாசி கண்டார் கடைக்காரர்களில் பலருடைய பூர்வீகம் ராமநாதபுரம் கடலோரம். நாகூர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது, லெபோ சூலியாவில் நம் நாகூர் தர்காவைப் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே போய் அந்த மினாராக்களின் உயரத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

அங்கேயும் தைப்பூசம் நம்ம மாதிரி இருக்குமா?

பழனியில் பிரமாதமாக இருக்கும், பல மாவட்டங்களிலிருந்து நடந்தே வருவார்கள். (பழனி முன்பு மதுரை மாவட்டம், இப்போது திண்டுக்கல்.) ஆனால் நம் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் பார்க்கிற மாதிரி ஊரே தெருவில் நிற்கும் என்று எல்லா ஊரிலும் எதிர்பார்க்காதீர்கள். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையே அங்கே 2021-இல்தான் வந்தது. இதைச் சொன்னால் இங்கே பலர் நம்புவதில்லை.

எப்போது போவது நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. மே மாதம் அக்னி நட்சத்திரம், வேலூர்ப் பக்கம் ஊர் தேடினால் நீங்களே காணாமல் போய்விடுவீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, டெல்டாவில் புயல் பயமும் உண்டு. குற்றாலத்தில் அருவி கொட்டுவது ஜூன், ஜூலை, ஆகஸ்டில், தென்காசிக்காரர்கள் அப்போது போகலாம். திருச்சி, பெரம்பலூர், தஞ்சாவூர், நாமக்கல் என்றால் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேராகப் பறந்துவிடுங்கள், சென்னையைச் சுற்ற வேண்டியதில்லை.

ஊரைக் கண்டுபிடித்தால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) கிடைக்குமா? நிலம் வாங்கலாமா?

முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த வழியைக் காட்ட முடிந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஊரைப் பார்த்ததற்குச் சான்று கேட்க மாட்டார்கள், உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரங்களைத்தான் கேட்பார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாமல்தான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம். அட்டை இருந்தாலும் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தால் சந்தோஷப்படுவார்களா?

உடனே இல்லை. எண்பது வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவன் தாத்தா பெயரைச் சொல்லிக்கொண்டு வாசலில் நின்றால் முதலில் தோன்றுவது பங்கு கேட்க வந்திருக்கிறான் என்பதுதான். எங்கள் ஊரில் திண்ணையில் இருந்த பெரியவர் நான் நீட்டிய படத்தை வாங்காமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள். டிரைவர் தம்பிதான் என் காதில் சொன்னான். நானும் அப்படியே சொன்னேன், "நிலம் கேட்டு வரலீங்க பெரியப்பா, சாமி கும்பிட வந்தோம்" என்று. அதற்கப்புறம்தான் சொம்பில் தண்ணீர் வந்தது.